பேர் சொல்லாததுக்கு ஃபெயில்: ஒரு நர்ஸின் இரண்டாவது பரீட்சைப் பயணம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கோட்டையும் பூங்காவும் சுற்றிப் பார்த்த கதை இல்லை. ஏற்கனவே நர்ஸாக இருக்கும் ஒருத்தி, தான் நர்ஸ்தான் என்று நிரூபிக்க லண்டனிலிருந்து ரயிலேறிப் போய்வந்த கதை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். அதுவும் இரண்டாவது தடவை. இதே பரீட்சைக்கு வரப்போகிற நம்ம ஊர்ப் பெண்களுக்கு உதவட்டுமே என்று எழுதுகிறேன். கொஞ்சம் சூடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருநெல்வேலியில் படித்து, கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு வருஷம். அதில் பாதி ஓசூரில், பாதி பெங்களூரில். ஓசூரில் பஸ் ஏறினால் அரை மணிக்குள் அத்திப்பள்ளி, கர்நாடகம் வந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டியதும் தமிழ்நாட்டுப் பதிவை வைத்துக்கொண்டு வேலைக்குச் சேர முடியாது. அங்கே மறுபடி பதிய வேண்டும், அதற்கு இங்கிருந்து ‘ஆட்சேபனை இல்லை’ என்று ஒரு சான்று வேண்டும். நான் பெங்களூரில் ஊசி போடுவதில் இவர்களுக்கு என்னய்யா ஆட்சேபனை? செருப்பு தேய நடந்துதான் வாங்கினேன். லண்டன் வந்து பார்த்தால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நாலுக்கும் சேர்த்து ஒரே பதிவு. இந்த வாரம் லண்டன், அடுத்த வாரம் கார்டிஃப் என்று வேலை பார்த்தாலும் ஒருத்தரும் புதிதாகப் பதியச் சொல்வதில்லை. ஓசூர் பஸ்ஸை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் அந்த ஒரே பதிவை வாங்குவதற்குள் இவர்கள் படுத்தும் பாடு இருக்கிறதே! தமிழ்நாடும் கர்நாடகமும் தனித்தனியாக என்னைப் பற்றி உறுதி சொல்ல வேண்டும். கணினியில் ஒரு பரீட்சை. பிறகு நேரில் செய்து காட்டும் பரீட்சை. அதுவரை லண்டன் ஹவுன்ஸ்லோவில், கேர் ஹோம் என்கிற முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளர் வேலை. ஒரு மத்தியானம் அங்கே ஒரு பாட்டிக்கு வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறியது. பார்த்ததுமே சர்க்கரை இறங்கிவிட்டது என்று தெரிந்துவிட்டது. அந்த இல்லத்து விதிப்படி உதவியாளரான நான் விரலில் குத்திப் பார்க்கக் கூடாது. மாடியிலிருந்து நர்ஸ் இறங்கி வரும்வரை நின்றேன். சோதித்துப் பார்த்துவிட்டு, நீ சொன்னது சரிதான், முதலுதவி வகுப்புக்கு எங்கேயாவது போயிருக்கிறாயா என்று கேட்டது அந்தப் பெண். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

என் அவசரத்துக்குக் காரணம் அது மட்டும் இல்லை. இந்தக் கேர் ஹோம் விசாவில் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. நர்ஸாகப் பதிவானால் முடியும். என் மகள், ஆறு வயது மித்ராவும் அவள் அப்பாவும் ஓசூரில் இருக்கிறார்கள். எனக்கு வேலை தருவதாகச் சொன்ன ஆஸ்பத்திரி இரண்டு தடவைக்கு மேல் காத்திருக்காது. முதல் தடவை நான் ஃபெயில்.

எதற்கு ஃபெயில் தெரியுமா? நோயாளியாக நடிக்க ஒருவரைக் கட்டிலில் உட்காரவைத்திருப்பார்கள். அவருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். எழுபது வயதுக்கு மேல், தலையெல்லாம் வெள்ளை. என்னை ஆர்தர் என்று கூப்பிடு என்றார். அந்த வயசு மனிதரை மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு எப்படி வாய் வரும்? அங்கிள், வலிக்குதா? அங்கிள், தண்ணி குடிங்க. பேர் எழுதி அவர் கையில் கட்டியிருந்த பட்டையையும் மருந்துத் தாளையும் கண்ணாலேயே ஒத்துப் பார்த்துக்கொண்டேன். முடிவில் வந்தது இரண்டு வரி: நோயாளி விரும்பிய பெயரில் அழைக்கவில்லை, அடையாளத்தைச் சரிபார்த்ததாகத் தெரியவில்லை. மற்ற எல்லாவற்றிலும் பாஸ். பதினோரு வருஷத்தில் ஒரு மாத்திரையைக்கூட ஆள் மாற்றிக் கொடுக்காதவள் நான். நம்ம ஊரில் மரியாதை என்பது இவர்களுக்குக் கவனக்குறைவாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன்.

சரி, பழகித்தானே ஆகவேண்டும். வீடியோ காலில் வீட்டுக்காரரை நோயாளியாக்கினேன். அவர் பேரைச் சொல்லி வலிக்கிறதா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். ‘என்னங்க’வைத் தவிர எதுவும் வரவில்லை. பின்னால் நின்ற மித்ரா, அப்பா பேரு அம்மாவுக்குத் தெரியலை என்று சிரிக்கிறாள். (பேரை இங்கேயும் எழுதப்போவதில்லை, நீங்களும் சிரிக்காதீர்கள்.) கடைசியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரரான வாசுகி அக்காதான் நோயாளியாகச் சோபாவில் படுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், டென்மார்க்கில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவர், விமான நிலையக் கடையில் வேலை. நான் அவரையும் அக்கா அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்க, எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“என்ர பேரைச் சொல்லும் பிள்ளை. டென்மார்க்கில நாங்கள் டொக்டரையே பேர் சொல்லித்தான் கூப்பிட்டனாங்கள். ஒருத்தரும் செத்துப்போகேல்லை.”

வாசுகி, வாசுகி என்று ஒரு வாரம் கத்தினேன். பக்கத்து வீட்டில் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

இனிப் பயணம். எந்த ஊர் என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. உங்களுக்கு எந்த மையம் கிடைக்கிறதோ அதுதான் உங்கள் ஊர். எனக்குக் கிடைத்தது லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து வடக்கே ஒரு மணி நேர ரயில். ஹவுன்ஸ்லோ சென்ட்ரலில் காலை ஏழே காலுக்குப் பிக்கடில்லி லைன் மெட்ரோ, கிரீன் பார்க்கில் இறங்கி விக்டோரியா லைன், யூஸ்டன் போய்ச் சேர ஒரு மணி நேரம். முன்பதிவு செய்ததில் ரயிலுக்குப் போகவர இருபத்தாறு பவுண்டு. முதல் தடவை முந்தின நாளே போய் அறுபது பவுண்டுக்கு அறை எடுத்தேன். பக்கத்து அறையில் விடிய விடியக் கூத்து, கண்ணை மூடவில்லை. இந்தத் தடவை மத்தியானப் பரீட்சை என்பதால் அன்றைக்கே கிளம்பினேன். வாசுகி அக்கா கட்டித்தந்த மட்டன் ரோல்ஸ் பாதி வழியில் மில்டன் கீன்ஸ் ஸ்டேஷன் வருவதற்குள் காலி.

ஸ்டேஷனிலிருந்து மையத்துக்கு மூன்று மைல். பஸ் மூன்று பவுண்டு, டாக்ஸி பன்னிரண்டு. பஸ் வராததால் டாக்ஸி. ஓட்டுநர் நீ நர்ஸா என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். இந்தக் கட்டிடத்துக்கு நர்ஸுகளைத்தான் தினம் கொண்டுவிடுகிறேன், எல்லோரும் பின்சீட்டில் தமக்குத்தாமே பேசிக்கொண்டுதான் வருவார்கள் என்றார். நானும் அதுவரை ஆர்தர், ஆர்தர் என்று முனகிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

திரைச்சீலையை விலக்கிப் போனால், கட்டிலில் அதே மனிதர்! அதே வெள்ளைத் தலை, அதே மூக்கு. எனக்கு அப்பாடா என்று இருந்தது. கையைச் சுத்தம் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன், திரையை மூடுகிறேன் என்றேன், பேரைக் கேட்டேன். அவர் என்னவோ சொன்னார், படபடப்பில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. ஆர்தர் என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் பழக்கின பழக்கம், விரல் அதற்குள் கையில் இருந்த பட்டைக்குப் போய்விட்டது. அதை உரக்கப் படித்தேன். பட்டையில் இருந்தது ஜார்ஜ். பிறந்த தேதியும் வேறு. ஆள் அவரேதான், ஆனால் அன்றைக்கு அவர் நடித்தது வேறொரு நோயாளியாக.

தெரிந்த முகம்தானே என்ற தைரியத்தில் ஆர்தர் என்று சொல்லியிருந்தால், அங்கேயே என் கதை முடிந்திருக்கும். ஆஸ்பத்திரியும் போயிருக்கும், மித்ராவின் விசாவும் போயிருக்கும். அதற்குப் பிறகு ஜார்ஜ், வலிக்கிறதா? ஜார்ஜ், இந்த மாத்திரை எதற்கென்று தெரியுமா? மூச்சுக்கு மூச்சு ஜார்ஜ்தான். போதும் விடு என்று அவருக்கே தோன்றியிருக்கும்.

திரும்பி வரும் ரயிலில் எனக்குக் கோபம் இரண்டு மடங்கு. யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடாததற்கு என்னை ஃபெயிலாக்கினார்களோ, அந்த மனிதருக்கு நிலையாக ஒரு பேர் இல்லை, பாருங்கள்! ஆனால் நியாயத்தையும் சொல்லவேண்டும். வாய்விட்டுப் படி என்கிற அந்த விதிதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. அதில் எனக்கு இப்போது சண்டை இல்லை. இது எங்கள் ஊர் மரியாதை என்று தெரியாமல், கவனமில்லாதவள் என்று எழுதினார்களே, அதில்தான் சண்டை. எல்லை தாண்டும் ஒவ்வொரு தடவையும் நாங்கள் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதிலும்தான். அத்திப்பள்ளியானாலும் ஹீத்ரோவானாலும் எனக்கு அந்த எரிச்சல் அடங்கவில்லை.

போகப்போகிறவர்களுக்கு: கண்ணால் பார்த்ததை வாயால் சொல்லுங்கள். நீங்கள் எதை மனசுக்குள் செய்தாலும் அது கணக்கில் வராது. அங்கிள், ஆன்ட்டி, சார் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வேலை பார்த்த ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் உறுதிக் கடிதம் வர மாதக்கணக்காகும், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். ஃபெயிலான பகுதியை மட்டும் மறுபடி செய்து காட்டினால் போதும், ஆனால் கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மையத்துக்குள் சாப்பாடு கிடைக்காது.

அடுத்த திங்கட்கிழமை கேர் ஹோமில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தபோது முடிவு வந்தது. பாஸ். சாயங்காலம் ஓசூருக்குக் கூப்பிட்டேன். மித்ராதான் எடுத்தாள். “அப்ப நீ இனிமே நர்ஸாம்மா?” என்றாள்.

“நான் எப்பவுமே நர்ஸ்தான்டி. இவங்க இன்னிக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க.”

அதையெல்லாம் அவள் காதில் வாங்கவில்லை. டிரெஸ்ஸையெல்லாம் பையில் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள். ஒன்றரை வருஷமாக வாரம் ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள், நானும் ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அன்றைக்கு எடுத்து வை என்றேன்.