எகிப்துப் பாட்டுக்கு இறங்கி வந்த ஆத்தா

பம்பாய் நடைபாதையில் அந்த இசைத்தட்டை வாங்கியபோது அதைப் போட்டுக் கேட்க என்னிடம் எதுவும் கிடையாது. ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அட்டையில் தலைப்பாகை கட்டிய ஒருவர் கன்னம் புடைக்க நாயனம் போன்ற ஒன்றை ஊதிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து நாயனக்காரர் யாரோ பஸ் மாறி ஏறி, பாலைவனத்தில் இறங்கிவிட்டது போல இருந்தது. எகிப்து நாட்டுக் கிராமியப் பாட்டு என்றான் விற்றவன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை.

இரண்டு வருஷம் என் துணிமூட்டைக்குள் அது ஊர் ஊராக வந்தது. பிறகு உத்திரமேரூரில் ஒரு மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். படுக்கை ஸ்பீக்கர் குழாய்களுக்கு நடுவில். ஆனால் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. முதலாளி நாஷ்டாவுக்குப் போன நேரத்தில் போட்டுப் பார்த்தேன். தொண்டையில் மணல் கிடப்பது போன்ற ஒரு கிழவரின் குரல். கேட்டதை வாங்காமல் போவதில்லை என்பது போல ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். கூடவே ஒரு தோல் வாத்தியம். முதலில் நடந்தது, பிறகு ஓடியது, பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடியது.

"இன்னாடா இது, ஆட்ட அறுக்கிற மாரி கீது? கல்யாண வூட்ல இத்தப் போட்டுடாத, கட்டி வெச்சி ஒதைப்பானுங்க" என்றார் திரும்பி வந்த முதலாளி.

அந்த ஆடியில் மானாம்பதிக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்குக் கூழ் ஊற்றும் விழாவுக்கு என்னை அனுப்பினார். அங்கே ஒரு வழக்கம். ஏரிக்கரையில் கரகம் ஜோடித்து வைத்து, பம்பைக்காரர்கள் அம்மனை வர்ணித்துப் பாடி அடிப்பார்கள். பால் கறந்து விற்கும் ஓர் அம்மாள் மேல் சாமி வரும். அவர் வாயால் உத்தரவு வந்தால்தான் கரகத்தைத் தூக்கலாம். கரகம் கோயிலுக்கு வந்தால்தான் கூழ்.

நான் குழாயில் போட்ட பாட்டின் சத்தத்தைக் குறைக்கும்படி பம்பைக்காரர்கள் மூன்று தடவை கேட்டார்கள். "நீங்க ரெண்டு பேரு, என்கிட்ட நாலு குழாய்" என்றேன். அவர்கள் பம்பையைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்கள்.

தர்மகர்த்தா என் முன்னால் வந்து நின்றார். "பம்பைய தொரத்துனது நீ. ஆத்தாவ நீயே வரவெய். இல்லாங்காட்டி பொட்டியும் போவாது, நீயும் போவமாட்ட."

பெட்டியில் இருந்த அம்மன் பாட்டுகளையெல்லாம் போட்டேன். ஈரப் புடவையோடு நின்றிருந்த அந்த அம்மாள் அசையவில்லை.

"இன்னாம்மா, வரலியா?" என்றார் தர்மகர்த்தா.

"சினிமா பாட்டுக்குலாம் எப்பிடி நைனா வருவா? கால் நோவுது."

வெயில் ஏறியது. கோயிலில் கூழ் ஆறிக்கொண்டிருந்தது. என்னைச் சுற்றி நின்றவர்களில் சிலர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். வேறு வழியில்லாமல், பெட்டியின் அடியில் கொண்டுவந்திருந்த எகிப்துக்காரரைப் போட்டேன்.

தோல் வாத்தியம் ஓட ஆரம்பித்ததும் அந்த அம்மாளின் தலை ஆடியது. கூந்தல் அவிழ்ந்தது. கூட்டம் குலவையிட்டது. தர்மகர்த்தா கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு, "ஆத்தா, கரகத்தத் தூக்கலாமா?" என்று கேட்டார். அப்போது பாட்டு முடிந்துவிட்டது.

அந்த அம்மாள் தூக்கிய கை அப்படியே நின்றது. ஊரே என்னைப் பார்த்தது.

"இன்னாடா வேடிக்க பாத்துக்கினு கீற? திரும்பப் போட்றா!" என்றாள் ஆத்தா.

போட்டேன். "எந்த ஊரு பாட்டுடா?" என்று ஒருவர் என் காதோரம் கேட்டார். எகிப்து என்றேன். "அங்கியும் நம்ம ஆத்தாதானா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆத்தா உத்தரவு கொடுத்தாள். "தூக்குங்கடா. ஆனா பம்பைக்காரன நோவடிச்சிட்டீங்க. அவன அழைச்சாந்து மரியாத பண்ணுங்க. இனிமே இந்தக் கொயாய்ப் பொட்டி என் வாசலுக்கு வரக்கூடாது."

எகிப்துப் பம்பைக்கு ஆடிக்கொண்டேதான் சொன்னாள். கரகம் கிளம்பியது. நான் ஒயர் சுற்றினேன்.

அடுத்த வாரமே பக்கத்து ஊர்க்காரர்களும் அந்த உத்தரவைத் தங்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். முதலாளி பிடித்து வைத்திருந்த ஆடித் திருவிழாக்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. முதலாளி என்னைக் கணக்குத் தீர்த்து அனுப்பியபோது கோபப்படக்கூட இல்லை.

"ஆத்தாவே சொல்லிட்டா. நா எப்பிடி நைனா மீற முடியும்?" என்றார்.