நான் புகவிட்ட காற்று

தொண்ணூற்றாறாம் ஆண்டு மே மாதம். அப்போது நாங்கள் ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில், போர்த்துக்கீசர் நிறைய வாழும் ஒரு தெருவில், பழைய வீடொன்றின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் சனம் அநேகமாக ஸ்காபரோப் பக்கம் குடியிருந்த காலம். "கதைக்க ஒரு தமிழ்க் குடும்பமும் இல்லாத இடத்திலை என்னத்துக்கு இருக்கிறியள்?" என்று எங்களைக் கேட்காத ஆளில்லை. கணவருக்குப் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை. மேற்கே இருந்தால் போய்வரக் கொஞ்சம் சுகம் என்பதுதான் காரணம்.

அப்படியும் மூன்று பஸ் மாற வேண்டும். கார் வாங்க வசதி வரவில்லை. பஸ்ஸுக்கு நின்று நின்று வெறுத்துப்போய், கூட வேலை செய்த ஒருவரிடமிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தார். சிவப்பு நிறம், யப்பான் சாமான். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஒடுங்கிய ஒழுங்கையில் வீட்டுக்காரருடைய கராஜ் இருந்தது. அதற்குள் அது குடியேறியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பேரில்லை, மூன்று பேர் என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் தேத்தண்ணீர் குடித்த கையோடு கீழே இறங்கினாரென்றால், மத்தியானம் நான் போய்க் கூப்பிட்டால்தான் சாப்பாட்டு நினைவு வரும். என்னுடைய பழைய நூல் சேலையொன்றை எடுத்துப்போய் அதற்குப் போர்த்தியும் வைத்திருந்தார். எனக்குக் குளிருதா என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாரா?

மூன்று பேர் இருந்த இடத்தில் நாலாவது ஆளும் வந்து சேர்ந்தாள். பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். புருஷன் பிரிந்து போய்விட்டான் என்று கேள்வி. தலைமயிரைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, நீலக் காற்சட்டையோடு, முந்திரிகைக் கொடி, அதாவது திராட்சைக் கொடி, படர்ந்த பந்தலுக்குக் கீழே நின்று சிகரெட் பிடிப்பாள். சிரித்தால் ஒழுங்கையின் அந்த முனைக்குக் கேட்கும். ஒருநாள் இவர் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றதைக் கண்டு வேலிக் கதவைத் திறந்து வந்தவள், பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள்.

எங்கள் குசினி யன்னலால் பார்த்தால் கராஜ் வாசல் அப்படியே தெரியும். நான் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பக்கத்து மெசினில் இருந்த ஒரு அன்ரி வாயைத் திறந்தால் முத்து உதிரும். அவர் சொல்வதையெல்லாம் வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு. இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது, "பிள்ளை, உனக்கு ரீவி ஏன்? குசினி யன்னல் இருக்குத்தானே!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புருஷனைச் சந்தேகப்படுறதெண்டால் வயிறு நிறையச் சாப்பிட்டிட்டுச் சந்தேகப்படு. பசியோடை யோசிச்சால் எல்லாம் பெரிசாத்தான் தெரியும்" என்றார். சிரித்தேன், எழுதியும் வைத்தேன். ஆனால் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு இங்கிலீசு சரியாக வராது. அவர்கள் என்ன கதைத்துச் சிரிக்கிறார்கள் என்று விளங்காதது இன்னும் பெரிய வேதனை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவர் சொன்னார், முன் பிறேக் சரியாகப் பிடிக்கவில்லையாம், உள்ளே காற்றுப் போயிருக்கிறதாம், பழைய எண்ணெயை எடுத்துப் புது எண்ணெய் விட வேண்டுமாம்.

"பிறேக்குக்கு எண்ணெயோ? விசர்க் கதை! ஊரிலை பிறேக்கிலை ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலே பிடிக்காதெண்டு ஐயா பெற்றோல் விட்டுக் கழுவுவார்."

"அது கம்பி இழுத்துப் பிடிக்கிற பிறேக். இது எண்ணெய் தள்ளிப் பிடிக்கிறது. உள்ளுக்கை காத்து இருந்தால் தள்ளாது."

"ஆர் சொன்னது?"

"பக்கத்து வீட்டு மனிசிதான். அவவின்ரை தகப்பன் கராஜ் வைச்சிருந்தவராம்."

"ஓ, தகப்பன்ரை கதை வரைக்கும் வந்திட்டுதோ?"

அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலை தொடங்கிவிட்டார்கள். அந்த வேலைக்கு ஒருவர் போதாது. ஒருவர் மேலே பிறேக் பிடியை அமத்திப் பிடிக்க, மற்றவர் கீழே சக்கரத்தோடு இருக்கும் சின்ன ஸ்குறூவைக் கொஞ்சம் திறக்க வேண்டும். எண்ணெயும் காற்றுக் குமிழும் ஒரு மெல்லிய குழாயால் வந்து ஜாம் போத்தலுக்குள் விழும். ஸ்குறூவைப் பூட்டிய பிறகுதான் மேலே பிடியை விடலாம். அதுவரை விடவே கூடாது, விட்டால் போன காற்று திரும்பி உள்ளே வரும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. யன்னலால் எனக்குக் கேட்டதெல்லாம் அவளுடைய "ஹோல்ட்… ஹோல்ட்…" என்ற குரலும், இவருடைய "ஓம், ஓம்" என்ற பதிலும்தான். பதற்றத்தில் அவருக்குத் தமிழ்தான் வரும். கொஞ்ச நேரத்தில் அவளும் "ஓம், ஓம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அடுப்பை நிறுத்திவிட்டு விறுவிறென்று இறங்கிப் போனேன்.

"நான் பிடிக்கிறன். தள்ளுங்கோ."

"நீர் ஏன்? கையெல்லாம் நாறும்."

"என்ரை கைதானே? நாறட்டும்."

அவள் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினாள். என் விரல்களைப் பிடித்துப் பிறேக் பிடியில் வைத்து, அமத்துவது எப்படி, எப்போது விடுவது என்று கையால் காட்டித் தந்தாள். எனக்கு நன்றாகவே விளங்கியது. அவள் "ஹோல்ட்" என்றால் பிடிப்பேன், "றிலீஸ்" என்றால் விடுவேன். பத்துப் பன்னிரண்டு தரம் செய்திருப்போம். பிடி கல்லுப்போல இறுகிக்கொண்டு வந்தது. எனக்கே கொஞ்சம் பெருமை.

கடைசித் தரம். இவர் மேலே எண்ணெய் விட்டு முடித்து, குமிழ் வருகிறதா என்று பார்க்க அவளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். இரண்டு தலையும் முட்டுகிற மாதிரிக் கிட்ட வந்தன. அவள் என்னவோ சொல்லி அவருடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஸ்குறூ திறந்திருந்தது. என் கை பிடியை விட்டுவிட்டது. தானாக விட்டதா, நான்தான் விட்டேனா என்று இன்றைக்கும் என்னால் அறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரு கணம் பிந்தி அவள் ஸ்குறூவைப் பூட்டி, "றிலீஸ்!" என்றாள். நான் மெல்லத் திரும்பவும் அமத்திப் பார்த்தேன். நனைந்த பஞ்சை அமத்தியது போல இருந்தது. போத்தலைத் தூக்கியபோது குழாயின் நுனி எண்ணெயை விட்டு வெளியே வந்திருக்கிறது, காற்று நேரே உள்ளே போய்விட்டது. அது எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் ஏதோ பிழையாகிவிட்டது என்று விரலுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து இவர் நிமிர்ந்து கேட்டார்:

"எப்பிடி, இறுக்கமே?"

அவள் முன்னால், 'இல்லை, நான் கையை விட்டிட்டன்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"ஓம்" என்றேன்.

அன்றைக்கு மேலதிகமாகப் பின்னேர வேலை இருந்தது, அதற்கு அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மூடியைப் பூட்டினார், தலைக்கவசத்தைப் போட்டார், ஒருதரம் ஓடிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏறி இருந்து இயந்திரத்தை முடுக்கினார். நான் சொன்ன 'ஓம்' போதும் அவருக்கு, திரும்ப அமத்திப் பார்க்கவில்லை. ஒழுங்கை முனையில் பஸ் ஓடுகிற பெரிய தெரு. அங்கேயிருந்து ஒரு பஸ் உறுமுகிற சத்தம் கேட்டபோதுதான் நான் கத்தினேன்.

"நில்லுங்கோ! இஞ்சாருங்கோ, நில்லுங்கோ!"

இயந்திரச் சத்தத்தில், தலைக்கவசத்துக்குள் அவருக்கு என்ன கேட்கும்? சைக்கிள் உருளத் தொடங்கிவிட்டது. ஸ்குறூ திருகும் சாவிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த அவள்தான் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கை விரல்களை மூடி மூடித் திறந்து காட்டினேன். வேறு சொல் எனக்கு வரவில்லை. அவள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஒரே பாய்ச்சலில் போய், இரண்டு கையையும் விரித்தபடி சைக்கிளுக்கு முன்னால் நின்றாள். அவர் காற்பிறேக்கை மிதித்து, அவளுடைய முழங்காலுக்கு ஒரு சாண் இருக்க நிறுத்தினார்.

அவள் கையை நீட்டி முன் பிறேக் பிடியை அமத்தினாள். அது போய்க் கைபிடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

பிறகு என்னைப் பார்த்தாள். நன்றாக, நிதானமாகப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. அவள் இவர் பக்கம் திரும்பி, தன் நெஞ்சில் கையை வைத்து, "மை மிஸ்ரேக்" என்றாள்.

இவர் என்னைப் பார்த்து, "நல்ல காலம், இவ கண்டிட்டா" என்றார்.

இந்த இடத்தில் நான் மனம் திருந்தி அழுதேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. எனக்கு இன்னும் பொறாமைதான் வந்தது. உயிரைக் காப்பாற்றியதும் அவள், பழியைச் சுமப்பதும் அவள், நல்ல பெயர் எடுப்பதும் அவளா? அதை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை.

"அவ இல்லை" என்றேன். "நான்தான் கையை விட்டனான். இறுக்கமில்லை எண்டு தெரிஞ்சும் ஓம் எண்டனான்."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். கவிழ்த்து வைத்திருந்த வாளியொன்றின் மேல் இருந்தார்.

"ஏன்?"

"உங்களையும் அவவையும் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவர் ஒழுங்கை முனையைக் காட்டினார்.

"அங்கை பஸ் ஓடுறது தெரியுமே உமக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் ஓம் எண்டனீரோ?"



நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று அவள் கேட்டாள். இவருக்குப் பொறாமைக்கு இங்கிலீசுச் சொல் வரவில்லை. தன்னைக் காட்டி, அவளைக் காட்டி, என் கண்ணைக் காட்டினார். அவள் முதலில் விளங்காமல் நின்றாள். பிறகு வழுக்கை விழத் தொடங்கிய இவருடைய தலையை, எண்ணெய் படிந்த பெனியனை, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஹிம்?" என்றாள், இந்த ஆளையா என்கிற மாதிரி. சிரிக்கத் தொடங்கினாள், பாருங்கள்! சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். இவருக்கு முகம் கறுத்துப்போனது. எனக்கும் ரோசம் வந்துவிட்டது. அவ்வளவுக்குச் சிரிக்க என்ன இருக்கிறது? மனிசன் அப்படியொன்றும் மோசமில்லை.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, கீழே கிடந்த சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். இவரைப் பிறேக் பிடிக்குப் போகச் சொன்னாள். தான் அந்த வாளியின் மேல் இருந்துகொண்டு சிகரெட் பற்ற வைத்தாள். நான் நிலத்தில் குந்தி ஸ்குறூவைத் திறந்தேன். குழாய்க்குள் குமிழ்கள் ஒவ்வொன்றாக வந்தன, நான் புகவிட்ட அதே காற்று. "ஹோல்ட்" என்றேன். பிடித்தார். பூட்டிவிட்டு, "றிலீஸ்" என்றேன். விட்டார். ஒரு குமிழும் வராத வரைக்கும், அதற்குப் பிறகும் பல தரம், செய்துகொண்டேயிருந்தோம். அன்று அவர் வேலைக்குப் பஸ்ஸில்தான் போனார்.

அவர் அதற்குப் பிறகு என்னை ஏசவில்லை. யாரிடமும் சொல்லிச் சிரிக்கவும் இல்லை. ஆனால் அந்தக் கோடை முழுவதும், வேலைக்கு வெளிக்கிடும்போது ஏறி இருந்து பிறேக் பிடியை மூன்று தரம் அமத்திப் பார்த்துவிட்டுத்தான் போவார். கவனமான மனிதர் எவரும் செய்வதுதான், ஆனால் முன்பு அவருக்கு அந்தப் பழக்கம் இருந்ததில்லை. ஒவ்வொரு தரமும் நான் குசினி யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பக்கத்து வீட்டுக்காரியோடு பிறகு நல்ல பழக்கமாகிவிட்டது. முந்திரிகை இலையைப் பறித்துத் தருவாள், நான் வடை கொடுப்பேன். அவள் சத்தமாகச் சிரித்தால் எனக்கு அப்போதும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும், அதை ஏன் மறைக்க வேண்டும்?

பொறாமைப்பட்டதற்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுவதில்லை. அது மனிதராகப் பிறந்த எவருக்கும் வரும், எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். ஆனால் என்னை நம்பி, தன் உயிரையே ஒப்படைத்து ஒருவர் கேட்ட கேள்விக்கு, என்னைப் பதில் சொல்ல விடாமல் என் பொறாமையைப் பதில் சொல்ல விட்டேனே, அதுதான் இத்தனை வருடத்துக்குப் பிறகும், யாராவது என்னிடம் எதையாவது நம்பிக் கேட்டால், ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு வாயைத் திறக்க வைக்கிறது.