பருத்தித்துறையின் உச்சிநேரம்

அரியரத்தினம் அண்ணை சிட்னிக்குப் படகில் வந்து பன்னிரண்டு வருடமாகிறது. இன்னும் தற்காலிக வீசாதான். சிட்னியின் செவன் ஹில்ஸில் ஒரு குளிர்க்கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். மனைவி அருந்ததி அக்கா பருத்தித்துறையில். அவரைக் கூப்பிடவும் முடியாது, இவர் போனால் திரும்பவும் முடியாது. அண்ணை இருக்கும் வீட்டின் மற்ற அறையில் இருப்பவன் நான்.

கேதாரகௌரி விரதம் வந்தால் அண்ணைக்கும் அக்காவுக்கும் இருபத்தொரு நாள் ஒருநேரச் சாப்பாடு. அக்கா உச்சிப் பூசை முடித்துச் சோற்றுக்கு முன் உட்காரும்போது இங்கே மாலை ஐந்தரை. அதுவரை அண்ணை பச்சைத் தண்ணீரோடு இருப்பார். சேர்ந்து சாப்பிட அவர்களுக்கு வேறு வழியில்லை. ஊரின் உச்சிநேரத்துக்கு என் கணினியிலிருந்து அவருடைய போனில் மணி அடிக்க ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு.

அந்தப் புரோகிராமுக்குச் சொந்தமாகக் கணக்குத் தெரியாது. 'உச்சிநேரம்' என்று பெயர் சொல்லி, லைப்ரரி எனப்படும் வேறொரு கணக்குக் கோப்பைக் கேட்கும். கணினி ஃபோல்டர்களை வரிசையாகத் தேடி, அந்தப் பெயரில் முதலில் அகப்படுவதைக் கொடுத்துவிடும். முதல் ஃபோல்டரில் பருத்தித்துறைக் கணக்கு இருந்தது. இன்னொன்றில், நான் எப்போதோ எழுதி மறந்த சிட்னிக் கணக்கு, அதே பெயரில். பதினெட்டாம் நாள் கணினியைப் புதுப்பித்தேன். தேடும் வரிசை மாறிவிட்டது. பிழை என்று அது ஒரு சொல் சொல்லவில்லை. கேட்ட பெயர்தான் கிடைத்துவிட்டதே!

மறுநாள் மதிய இடைவேளையில் மணி அடித்தது. கிடங்குக்குள் பகலும் இரவும் ஒன்று. பசி கண்ணை மறைக்க, நேரம் பாராமல் மணியை நம்பி, பக்கத்திலிருந்தவர் நீட்டிய மரக்கறிச் சோற்றை அண்ணை சாப்பிட்டுவிட்டு அக்காவை அழைத்தார்.

“நான் சாப்பிட்டிட்டன். நீர்?”

“என்னப்பா, இஞ்ச இப்பத்தானே ஏழு மணி. இன்னும் வாசல் முத்தமும் கூட்டேல்லை.”

வீட்டுக்கு வந்தவர் நடந்ததைச் சொன்னார், ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். லைப்ரரி இருக்கும் இடத்தை முழுதாக எழுதி, வேறெங்கும் தேடாதபடி திருத்தினேன். இரண்டு நிமிட வேலை. ஒருநாளும் தவறாத விரதம் தவறியது தவறியதுதான்.

அன்று மாலை ஐந்தரைக்கு மணி சரியாக அடித்தது. போன் திரையில் அக்கா சோற்றோடு இருந்தார்.

“அக்கா, பிழை என்ர.”

“பரவாயில்லை தம்பி. இவர் வாற நேரத்தையும் அது எங்கயாவது தேடிப் பாக்காதோ?”

அக்கா சோற்றில் கை வைக்காமலே இருந்தார். அண்ணை போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார்.

“நீர் சாப்பிடும். நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”