வெள்ளிக்கிழமை போன வீடு

போன வாரமே நான் சொந்த வீட்டுக்காரன் ஆகியிருக்க வேண்டியவன். ஆகவில்லை. வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். வருகிற தை மாதம் ரிட்டையர் ஆகிறேன். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும் — சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். பிறகு எங்கே போவது? என் மனைவி மீனாட்சி ஒரு வருஷமாகக் கேட்கும் கேள்வி இது.

கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர், வீட்டை விற்றுவிட்டு ஊரோடு போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். பலகை வீடுதான். ஆனால் கிணறு உண்டு. பத்திரத்தில் வில்லங்கம் இல்லை. மீனாட்சி அடுப்படியில் நின்று, அம்மி இங்கே, அரிசிப் பானை அங்கே என்று அப்போதே கை காட்டிவிட்டாள். ராவுத்தர் விலையைக்கூடக் குறைத்தார். ஒரே நிபந்தனை: வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பணம் வர வேண்டும். சனிக்கிழமை அவருக்குக் கப்பல். பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

கையில் பாதிதான் இருந்தது. மீதிக்குக் கடன். புதன்கிழமை காலையிலேயே கிள்ளானில் முதல் செட்டியாரின் வட்டிக்கடையில் பணம் தரத் தயார். வாங்கினேனா? அதெப்படி! நாலு இடத்தில் வட்டி விசாரிக்காமல் கடன் வாங்குகிறவன் மடையன் என்று இதே பத்தியில் எழுதியவன் ஆயிற்றே! கோலாலம்பூரில் இன்னொரு கடை, பேங்க்கில் கையை விரித்த ஒரு துரை, மறுபடியும் கிள்ளான்... கடைசிச் செட்டியார் வட்டியைத் துளி குறைத்தார். ஜெயித்துவிட்ட மிதப்பில் அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தபோது, வியாழக்கிழமை பொழுது சாய்ந்திருந்தது.

அவர் எழுந்து போய் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்தார்.

“விளக்கு வச்சாச்சு, இனிமே பணம் வெளிய போகாது. நாளைக்கு வெள்ளி. சனிக்கிழமை காலையில வாங்க.”

சண்டை போட்டிருக்கலாம். எந்த வாயால் போடுவது? வெள்ளிக்கிழமையானால் பக்கத்து வீட்டுக்கு உப்புக்கூடக் கொடுக்க விடாதவன் நான்!

மறுநாள் மீனாட்சியோடு வெறுங்கையை வீசிக்கொண்டு ராவுத்தரிடம் போனேன். மகாலட்சுமி வீட்டை விட்டுப் போகக்கூடாத நாள், நாளைக் காலை வரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். அவருக்கும் சங்கடம்தான்.

“எங்களுக்கு வெள்ளியை விட நல்ல நாள் ஏதுண்ணே? கப்பல் எனக்காக நிக்காதே...”

அம்பாங்கிலிருந்து வந்த ஈயச் சுரங்க முதலாளி ஒருவர் வாசலில் காத்திருந்தார். பணம் பையில் இருந்தது. கிழமை பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. வீடு அவருடையதாயிற்று.

வட்டியில் மிச்சம் பிடித்தேனே, எந்தக் கடனுக்கு? வாங்காத கடனுக்கு! ரயிலில் திரும்பும்போது, அந்த அடுப்படியில் மீனாட்சி கை காட்டியதுதான் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு அவள் கேட்டாள்.

“மகாலட்சுமி வீட்டை விட்டுப் போகக்கூடாதுன்னீங்க. சரி... தை மாசம் அவளை எந்த வீட்டுல வைக்கப் போறீங்க?”