உடும்பைக் கெட்டவனாக்கினேன்

மலாயாவுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எல்லாம் புதிதாக வேண்டும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. மலாக்காவில், காஜா பேராங்கில் இருந்த எங்கள் தமிழ்ப் பள்ளியில் மட்டும் ஆற்றுப் பாடம் என்றால் இன்னும் புத்தகத்துத் தாமரையும் அன்னமும். மலாக்கா ஆற்றில் எவன் அன்னத்தைப் பார்த்தான்? ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த சூட்டோடு பெரிய வாத்தியார் முன்னால் போய் நின்றேன். நம் ஆற்றையே படம் வரைந்து, கதை சொல்லி நடத்துகிறேன் என்றேன்.

"ஒரு மாசம் பாருங்க தம்பி," என்றார். "மண்டையில ஏறலன்னா மறுபடி புத்தகந்தான்."

சினிமாக் கொட்டகையில் கழித்துப் போட்ட விளம்பரத் தாள்களை வாங்கி வந்து, முதுகுப்புறத்தில் சுவர் நீளத்துக்கு ஆறு வரைந்தோம். நண்டு, நத்தை, கொக்கு, சேற்றில் தத்தும் மீன் என்று பிள்ளைகள் ஆளுக்கொன்றாக வரைந்து வெட்டி ஒட்டினார்கள். எதைத் தின்று எது பிழைக்கிறது என்று விளக்கினேன். பத்து நிமிஷத்தில் கொட்டாவி. மாசம் பாதி போய்விட்டது. கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும் என்று தோன்ற, உடும்பைப் பிடித்தேன்.

மறுநாள் முதல் என் கதையில் உடும்பு முட்டை திருடியது, நண்டுக் குடும்பத்தை அழித்தது. நாக்கை நீட்டிக்கொண்டு நானே மேசைமேல் ஊர்ந்தேன். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

ஒருத்தி மட்டும் எழுந்தாள். எப்போதோ வந்து தமிழை மறந்துபோன மலாக்காச் செட்டிகளின் கம்பத்திலிருந்து, அவர்கள் குடியிருப்பிலிருந்து, வருகிற பெண். வீட்டில் மலாய்தான், தமிழ் வரட்டும் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். சுவரில் இருந்த உடும்பு அவள் வரைந்தது, செதில் செதிலாக. அதை மலாய்ப் பேரில் பியாவாக் என்றே சொல்வாள்.

"சார், பியாவாக் செத்த கோழி, செத்த எலி சாப்பிடும். அப்புறம் ஆறு நாத்தம் இல்ல, சார்."

நான் நடத்த வந்த பாடமே அதுதான். எனக்கும் தெரியும்.

"கதை நடுவுல பேசாத. உட்காரு."

"உடும்புக்குச் சொந்தக்காரி சார் இவ," என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த வாரமே ஒரு காலையில் நாலு பையன்கள் கயிற்றில் கட்டிய உடும்பைப் பள்ளி வாசலுக்கு இழுத்து வந்தார்கள். கல்லால் தலையை நசுக்கியிருந்தார்கள். வால் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"கெட்டவன முடிச்சிட்டோம் சார்."

பெரிய வாத்தியார் வெளியே வந்தார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொலைந்தது என்று நினைத்தேன். தோளில் தட்டினார். "நல்லாத்தான் ஏறியிருக்கு தம்பி. வருஷக் கடைசி வரைக்கும் கதையிலேயே நடத்துங்க."

பாடம் ஏறவில்லை ஐயா என்று சொல்லியிருக்கலாம். நன்றி ஐயா என்றேன்.

வகுப்புக்குள் போனால், படத்திலிருந்த உடும்பையும் கிழித்துப் போட்டிருந்தார்கள். அதை வரைந்தவள் தலையைத் தூக்கவில்லை. உடும்பு ஆற்றைச் சுத்தம் செய்கிற பிராணி என்று ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் அவள் சொன்னதையே சொன்னேன், அவள் சொன்னது என்று சொல்லாமல்.

உடும்பைக் கட்டி இழுத்து வந்தவர்களில் ஒருவன் கை தூக்கினான். "அப்ப ஏன் சார் கெட்டவன்னு சொன்னீங்க?"

"அது கதைக்காக."

தலையாட்டினான். "சரி சார். இனிமே யாரு சார் கெட்டவன்?"

அன்றைக்கு முதல் தடவையாக வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. எல்லார் கண்களும் சுவர்ப் படத்தில் தேடிக்கொண்டிருந்தன.

"கொக்கு," என்றான் கடைசி வரிசையில் ஒருவன்.