எங்கள் வீட்டுக்குக் குலதெய்வம் எது

இதைப் பெயர்கள் இல்லாமல்தான் எழுத முடியும். என் பெயரைப் போடலாம் என்றால் எதைப் போடுவது என்பதே சிக்கல். கோயில் புத்தகத்தில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். ஞாயிறு காலை மாதா கோயிலில் முக்காடு போட்டு முழங்காலிடுகிறவள் ஒருத்தி. திங்கள் காலை அரசுப் பள்ளி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் தமிழாசிரியை இன்னொருத்தி. இருவருக்கும் ஒரே சேலை, ஒரே முட்டிவலி.

எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான். சட்டம் அப்படி இருக்கிறது. பண்ணை வயலில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்ட எங்களை, இந்து என்று சொன்னால் அரசு தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் எழுதிக்கொள்ளும். ஞானஸ்நானம் வாங்கியவர்கள் என்று தெரிந்தால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாற்றிவிடும். மதம் மாறியவனை விட்டுத் தீண்டாமை போய்விட்டது என்று நினைப்பு. போய்விட்டதா என்று எங்கள் மாதாவின் தேரைத்தான் கேட்க வேண்டும். அது எங்கள் தெரு முனைவரை வரும், கொஞ்சம் நிற்கும், திரும்பிவிடும்.

என் அப்பா என்னை ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் கேட்காமலே இந்து என்று எழுதினார். அப்பா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் படித்தேன், விடுதியில் தங்கினேன், பி.எட். முடித்தேன், வேலைக்கு வந்தேன். பொய் சொன்னேனா என்று பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை கேட்டேன். சாமியார், வேறு ஏதாவது பாவம் உண்டா என்றார்.

எனக்கு ஒரே மகள். அவள் ஆறாம் வகுப்புக்குப் போகவேண்டிய வருடம் எனக்குள் ஒரு வெறி புகுந்தது. நான் படித்த பள்ளியில் மழைக்காலத்தில் பெஞ்சுக்கடியில் தவளை கத்தும், கணக்கு வாத்தியார் அறுவடை முடிந்துதான் வருவார். என் மகள் அங்கே போகக்கூடாது. நகரத்தில் கன்னியர் மடத்துப் பள்ளி இருக்கிறது. இங்கிலீஷ் மீடியம், ஆய்வுக்கூடம், மதில் முழுக்கக் காகிதப்பூ. அதில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முதலில் தருவார்கள், பங்குச் சாமியாரின் கடிதம் இருந்தால்.

கடிதத்தை நானே போய் வாங்கினேன். நானே கொண்டுபோய் மேசையில் வைத்தேன். விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் ரோமன் கத்தோலிக்கம் என்று, கரும்பலகையில் எழுதும் அதே அழகான கையெழுத்தில், நானே எழுதினேன். சிஸ்டர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"எந்தக் கிளைக் கோயில்?"

சொன்னேன். அவர் பேனா ஒரு கணம் நின்றது. கிளைக் கோயிலின் பெயரைச் சொன்னாலே தெரு தெரிந்துவிடும், தெரு தெரிந்தால் நாங்கள் யார் என்று தெரிந்துவிடும். ஆனாலும் இடம் கொடுத்தார்கள். சி பிரிவு. ஏ பிரிவில் யார், சி பிரிவில் யார் என்பது போகப் போகத்தான் விளங்கியது. ஏழாம் வகுப்பில் ஒருநாள் மகள் வந்து கேட்டாள்.

"அம்மா, நாம எந்தத் தெரு கிறிஸ்டியன்?"

"யாரு கேட்டா?"

"என் பெஞ்சுல இருக்குறவ. அவங்க வீட்ல கேட்டுட்டு வரச் சொன்னாங்களாம்."

சாதிச் சான்றிதழ் கொண்டுவரும்படி பள்ளியில் கேட்டபோதெல்லாம் பிறகு தருகிறேன் என்று தள்ளிப்போட்டேன். இந்து என்று சான்றிதழ் வாங்கினால் சிஸ்டரிடம் காட்ட முடியாது. கிறிஸ்தவர் என்று வாங்கினால் பிறகு எதற்கும் ஆகாது. ஏழு வருடம் தள்ளிப்போட்டேன். ஏதோ வழி பிறக்கும் என்று நினைத்தேன். படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். படித்தவள்தான் இப்படி நினைப்பாள்.

அவளுக்குக் கால்நடை மருத்துவம் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு லீவில் எங்கள் பசு கன்று ஈன முடியாமல் நாக்குத் தள்ளிக் கிடந்தது. டாக்டர் வர இரண்டு மணி நேரமாயிற்று. வந்தவர் கையை உள்ளே விட்டு மடங்கிக் கிடந்த காலை நிமிர்த்தியதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கன்று விழுந்ததும், "இவ்வளவுதானாம்மா" என்றாள். அன்று முதல் வேறு படிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

பிளஸ் டூ முடிவு வந்தது. நல்ல மார்க். மிக நல்ல மார்க் என்று சொல்ல முடியாது. போன வருட கட்-ஆஃப் பட்டியலைச் செல்போனில் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"அம்மா, எஸ்.சி.யில எனக்கு உறுதியா வருது. பி.சி.யில சான்ஸே இல்ல."

அதே பெண், அதே மார்க். ஒரு பட்டியலில் உள்ளே இருக்கிறாள், இன்னொன்றில் கண்ணுக்கெட்டாத தூரத்தில் வெளியே நிற்கிறாள். அப்போது என் கையில் அவளுடைய மாற்றுச் சான்றிதழ் இருந்தது. மதம்: கிறிஸ்தவம். நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தார்கள்.

அதை இந்து என்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் பள்ளிக்கு ஓடினேன். அலுவலகத்து சிஸ்டர் பழைய கோப்பை எடுத்து, சாமியார் கடிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இது நீங்க கொண்டாந்ததுதானே?"

"ஆமா சிஸ்டர்."

"சாமியைக் காட்டி சீட்டு வாங்குனீங்க. இப்ப சாமி இல்லன்னு எழுதித் தரணுமா? கவர்மெண்டு ஸ்கூல் டீச்சர் நீங்க. நீங்களே கேக்கலாமா?"

கேட்கக்கூடாதுதான். திரும்பும் பஸ்ஸில், நாங்கள் இறங்கும் குடவாசல் வரும்வரை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்காகக் காத்திருந்த வாய்க்கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான் கேட்டதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வந்தது. நான் திறந்துவிட்ட கதவுதான், இப்போது என் மகள்மேல் சாத்திக்கொண்டது.

ஆனாலும் எஸ்.சி. என்றே இ-சேவை மையத்தில் மனுப் போட்டோம். என் கணவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர், பவர் டில்லர் ஓட்டுகிறவர். அவரிடம் சாதிச் சான்றிதழ் என்று ஒன்றும் கிடையாது. ஆதாரமாக என்னுடையதைத்தான் வைத்தோம். வீட்டுக்கு விசாரணைக்கு வருவார்கள் என்றார்கள்.

வீட்டை மாற்றினோம். இயேசு படத்தை பீரோவில் வைத்தேன். மாதா சொரூபத்தை மகள் தன் பள்ளித் துப்பட்டாவில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தாள். கணவர் உரக்கடைக்குப் போய் முருகன் படம் போட்ட தினசரிக் காலண்டர் ஒன்று கேட்டு வாங்கிவந்தார். ஜூன் மாதம். காலண்டர் ஜனவரி ஒன்றிலேயே நின்றது.

"இப்படியே மாட்டுனா ஆறு மாசமா இவன் என்ன செஞ்சான்னு முருகனே கேப்பாரு" என்றார் அவர்.

மகள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்தாள். மொத்தமாகக் கிழி என்றேன். கேட்கவில்லை. ராகு காலம், எமகண்டம் எல்லாம் படித்துப் படித்துக் கிழித்தாள்.

வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., ஒரு புதன்கிழமை வந்தார், பதினோரு மணி வெயிலில், தலையாரியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து. என் வயதுதான் இருக்கும். மாட்டுக் கொட்டகை நிழலில் என் கணவரிடம் ஏதோ பேசினார். பிறகு உள்ளே வந்து காலண்டரைப் பார்த்தார், காலண்டருக்குப் பக்கத்தில் சுவரில் சதுரமாக வெளுத்திருந்த இடத்தையும் பார்த்தார். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படி வாசற்படியில் நின்றபடியே கேட்டார்.

"டீச்சர், உங்க குலதெய்வம் எதுங்க?"

"வீரனார் சார்" என்றேன், பட்டென்று. சின்ன வயதில் அத்தை ஒருத்தி சொல்லிக் கேட்ட பெயர்.

"உங்க சார் வெளியில மாரியம்மன்னு சொன்னாரே?"

தலையாரி சிரித்துவிட்டார். "ஒரு வீட்டுக்கு ரெண்டு சாமியா? பலமான வீடுதான் சார்."

"அது அவங்க பக்கம் சார். இது எங்க பக்கம்."

"கல்யாணம் ஆயிட்டா வீட்டுக்காரர் குலதெய்வந்தானே டீச்சர் உங்களுக்கும். இந்து வீட்ல சின்னப் புள்ளக்கிக்கூட தெரியுமே."

படத்தை மாற்றினோம், விபூதி வாங்கிவைத்தோம், தாளைக் கிழித்தோம். இதை மட்டும் பேசி வைத்துக்கொள்ள மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. தேவைப்படாத ஒன்று எப்படி ஞாபகத்துக்கு வரும்?

ஆர்.ஐ. மகளிடம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. எது?"

அவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவரையே நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"நாங்க அதப் பேசி வச்சுக்கல சார்."

தலையாரி சிரிப்பதை நிறுத்தினார். டீ பொங்கி அடுப்பில் வழிந்தது.

ஆர்.ஐ. கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். மகளின் மாற்றுச் சான்றிதழை ஒரு தொடையிலும், என் சாதிச் சான்றிதழின் நகலை இன்னொரு தொடையிலும் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், நான் நேராவே சொல்லிடுறேன். எஸ்.சி.தான் வேணும்னு நீங்க நின்னா, இது ரெண்டையும் சேத்துத்தான் நான் மேல அனுப்பணும். மேல பாக்குறவங்க பொண்ணோட நிறுத்த மாட்டாங்க. அம்மாவுக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு கேப்பாங்க. உங்களுக்கு சர்வீஸ் எத்தன வருசம்?"

"பத்தொம்பது."

"பி.சி.ன்னு புதுசா மனு போடுங்க. உங்க சார் பக்கத்து ஞானஸ்நானச் சீட்டு போதும். உங்க காகிதத்துக்கு வேலையே இல்ல. இந்த மனுவ, ஆவணம் போதலன்னு நான் தள்ளிவிட்டுடுறேன்." நகலை என்னிடம் நீட்டினார். "இத நான் பாக்கல. எடுத்து வச்சுக்குங்க."

யோசித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மகளை ஒருமுறை பார்த்தேன், கணவரிடம் கேட்டேன், வீட்டுக் கடன், அவருடைய முதுகுவலி, எங்கள் மூவரின் சாப்பாடு எல்லாவற்றையும் எடைபோட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் மன்னித்துவிடுவார்கள். எதுவும் நடக்கவில்லை. அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் என் கை நீண்டிருந்தது. ஈரக்கை. தாளில் என் விரல் பதிந்தது. மகள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கொஞ்சம் இருங்க. நாங்க பேசிட்டு..." என்று என் கணவர் ஆரம்பித்தார். நான் தாளை அதற்குள் நான்காக மடித்துவிட்டேன்.

பி.சி. சான்றிதழ் சீக்கிரமே வந்தது. அது உண்மையான சான்றிதழ், அதனால் எந்தத் தடையும் இல்லை. ஆகஸ்டில் தரவரிசைப் பட்டியல் வெளியானது. அவள் இருக்கும் இடத்துக்குக் கலந்தாய்வு வந்து சேரவே இல்லை. எஸ்.சி. பட்டியலை நான் யாருக்கும் தெரியாமல் என் செல்போனில் திறந்து பார்த்தேன். அவளைவிடக் குறைந்த மார்க் வாங்கிய பிள்ளைகளுக்கு இடம் கிடைத்திருந்தது. அவர்கள்மேல் எனக்குப் பொறாமை வந்ததா? வந்தது. அடுத்த நிமிடமே வெட்கமும் வந்தது. அந்தப் பிள்ளைகளின் பாட்டியும் என் அம்மாவோடு ஒரே வரிசையில் குனிந்து நட்டவளாக இருப்பாள். அவர்கள் எதையும் பறிக்கவில்லை. என் மகளுக்கு உரியது அவர்களுக்கு நடுவில்தான் இருக்கிறது, அங்கே போய் நிற்க அவளுக்கு வழியில்லை. அவ்வளவுதான்.

கலைக் கல்லூரியில் காலி இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள், விலங்கியலும் இருந்தது. விண்ணப்பம் நிரப்ப நானும் அவளும் கூடத்தில் உட்கார்ந்தோம். பாதியில் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். குரலில் சண்டை எதுவும் இல்லை.

"அன்னக்கி நீ அதத் திருப்பி வாங்காம இருந்திருந்தா?"

"என் வேல போயிருக்கும்."

"சரி, போயிருக்கும். எனக்கு சீட்டு கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்காது. ரெண்டும் போயிருக்கும்."

"நெசமாவா?"

எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. வேறு யாராவது அதிகாரி இருந்திருக்கலாம், ஒரு வக்கீல் இருந்திருக்கலாம், ஒரு மாதம் போராடியிருந்தால் ஏதாவது நடந்திருக்கலாம். கேட்டுப் பார்க்கவே இல்லை. யாரிடமாவது கேட்டு, கிடைத்திருக்கும் என்று அவர்கள் சொல்லிவிட்டால் நான் இந்த வீட்டில் எங்கே உட்காருவேன்?

"நெசந்தான்" என்றேன், வகுப்பில் சந்தேகம் கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே குரலில்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, விருப்பப் பாடம் என்ற இடத்தில் விலங்கியல் என்று எழுதினாள். அதற்குக் கீழே இரண்டாவது விருப்பம், மூன்றாவது விருப்பம் என்று இருந்த கட்டங்களை ஒரே கோடாக அடித்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொல்லி என் பக்கம் தள்ளினாள்.