ஒரெஸ்ட் சொல்லாமல் வைத்திருந்தது

மானிட்டோபாவின் டாஃபின் ஊரில் பாதி வீடுகளின் சமையலறைக்குள் ஒரெஸ்ட் கொஸ்டினியூக் நுழைந்திருப்பார். முப்பத்தொரு வருஷம், மேலே சூடாகும் சுருளும் கீழே ஓவனும் உள்ள மின்னடுப்பு கொண்டுபோய் இறக்கிப் பூட்டியவர். நான் அதே கடையில் உதிரிபாக மேசையில் இருந்தேன். அவர் கேட்கும் சுருள், திருகு, கதவு ரப்பர் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். அதனால் அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததும் தெரியாததும் எனக்குத் தெரியும்.

பெரிய உடம்பு, சின்னக் குரல். அடுப்பை இறக்கி, மட்டம் பார்த்து, மின்சாரம் கொடுத்த பிறகும் கிளம்பமாட்டார். வீட்டுக்காரம்மாவை நிற்க வைத்துப் பாடம் நடத்துவார். ஒருமுறை என் அக்கா வீட்டில் நடத்தியபோது நானும் இருந்தேன்.

"சுருளத் துடைக்கணும்னா முதல்ல ஆற விடுங்க. கழட்டித் தண்ணில முக்கிடாதீங்க, ஈரத்துணி போதும். ஓவன் அடியில அலுமினியத் தாள் விரிக்காதீங்க. பாத்திரத்தோட கைப்பிடிய உள்பக்கமா திருப்பி வைங்க. எண்ணெய் பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தக் கூடாது. மூடியப் போட்டு மூடிட்டு அடுப்ப அணைங்க, தூக்கிட்டு ஓடாதீங்க."

"ஞாயித்துக்கிழமை ஃபாதர் கூட இதவிடச் சீக்கிரம் முடிச்சிடுவாரு, ஒரெஸ்ட்" என்றாள் அக்கா.

"ஃபாதர் பேச்சக் கேக்கலைன்னா செத்தப்புறம்தான் எரியும். என் பேச்சக் கேக்கலைன்னா இப்பவே எரியும்."

இப்படி ஒரு மனிதர். கவனம் என்றால் ஒரெஸ்ட் என்று பேர் எடுத்தவர். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யாமல் விட்டுக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கடைக்கு வந்த அடுப்புகளோடு ஒரு சின்னப் பை வர ஆரம்பித்தது. உள்ளே வளைந்த இரும்புக் கிளாம்ப் ஒன்று, நாலு திருகு. சுவரை ஒட்டித் தரையில் துளை போட்டு அதைப் பூட்ட வேண்டும். அடுப்பைத் தள்ளும்போது அதன் பின்கால் கிளாம்புக்குள் போய் மாட்டிக்கொள்ளும். ஓவன் கதவைத் திறந்து அதன்மேல் யாராவது பாரம் போட்டால் அடுப்பு முன்பக்கம் சாயாமல் இருக்க அதுதான் வழி.

துளை போட்டு முடிக்க இருபது நிமிஷம் ஆகும். ஒரு நாளைக்கு ஏழு வீடு. கடை முதலாளி சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் வேன் திரும்பிவிட்டதா என்று வாசலில் வந்து நிற்பார். அது போக, அறுபது எழுபது கிலோ அடுப்பு எங்கே சாயப்போகிறது என்று ஒரெஸ்டுக்கு ஒரு நினைப்பு. கிளாம்ப் பைகளை வேனில் ஒரு காப்பி டப்பாவுக்குள் போட்டுவைத்தார். வீட்டில் விட்டுவந்தால் யாராவது எடுத்துப் பார்த்து, இது என்ன என்று கேட்பார்களே. அந்த டப்பா நிறைந்து வழிந்ததை நான் பார்த்திருக்கிறேன். நானும் எதுவும் கேட்கவில்லை.

தொண்ணூற்றைந்து நவம்பரில் லெசியா மண்ட்ஸியூக் வீட்டுக்கு அடுப்பு போனது. லெசியா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். புருஷன் ரோமன் தானியக் கிடங்கில். ஒரே மகள் டாரியா, அப்போது மூன்றரை வயது. அந்த இலையுதிர் காலத்தில்தான் ரோமனும் லெசியாவும் சேர்ந்து சமையலறைக்கு மேப்பிள் பலகைத் தரை போட்டிருந்தார்கள். அடுப்பை உள்ளே உருட்டும்போது லெசியா கூடவே நடந்து வந்தாள்.

"இப்பதான் தரை போட்டோம், ஒரெஸ்ட். கீறல் விழாமப் பாத்துக்கோங்க."

"அட்டை விரிச்சுத்தான் தள்ளுவேன். ஒரு கோடு விழாது."

விழவும் இல்லை. பாடத்தை நடத்திவிட்டு, அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். பை டப்பாவுக்குப் போனது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெரிய பாத்திரத்தில் போர்ஷ்ட் கொதித்துக்கொண்டிருந்தது. தொலைபேசி அடிக்க, லெசியா கூடத்துக்குப் போனாள். டாரியாவுக்குப் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்க ஆசை. ஓவன் கதவை இழுத்துத் திறந்து அதையே படியாக வைத்து ஏறினாள். அடுப்பு மெதுவாகத் தலை குனிந்து, பின்னங்கால் எழும்பி, அப்படியே முன்னால் கவிழ்ந்தது. பீட்ரூட் சூப் முழுவதும் குழந்தையின் மேல்.

இடது கை, தோள், கழுத்து. விமானத்தில் வின்னிபெக் கொண்டுபோனார்கள். ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தொடையிலிருந்து தோல் எடுத்து மூன்று தடவை ஒட்டினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இடது கை முழுசாக நீளாமல் போயிற்று.

காப்பீட்டுக்காரர் ஒருவர் விசாரிக்க வந்தார். முதலில் லெசியாவைப் பார்த்துவிட்டு, பிறகு கடைக்கு வந்து என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று ஒரெஸ்டிடம் பேசினார்.

"கிளாம்ப் பூட்டலையே, ஏன்?"

ஒரெஸ்ட் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "அந்தம்மா சொன்னாங்க, புதுத் தரைல கை வைக்காதீங்கன்னு அவங்கதான் உங்ககிட்ட சொன்னாங்களாம். அதனாலதான் நீங்க துளை போடலையாம். தன் தப்புன்னு அழுறாங்க. அப்படித்தானா?"

ஒரெஸ்ட் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தரையப் பத்தி சொன்னாங்க" என்றார்.

காப்பீட்டுக்காரர் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஒரெஸ்ட் சொன்னதில் பொய் இல்லை. லெசியா தரையைப் பற்றிச் சொன்னது உண்மைதான். ஆனால் கிளாம்ப் என்று ஒன்று இருப்பதே அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. விபத்துக்குப் பிறகு யாரோ விளக்கிச் சொன்னபோது, தான் சொன்ன வார்த்தையையும் நடந்ததையும் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பெற்றவள் மனசு அப்படித்தான் எங்காவது தன் தப்பைத் தேடும். ஒரெஸ்ட் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை.

ரோமன் குணத்தில் கெட்டவன் இல்லை. ஆனால் அந்தத் தரையை அவனால் தாங்க முடியவில்லை. குழந்தைக்குக் கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்வானாம். "தரைல கீறல் இல்லல்ல? நல்லா பளபளன்னு இருக்குல்ல?" பக்கத்து வீட்டில் இருந்த என் அக்கா கேட்டுவந்து சொன்னது இது. இரண்டு வருஷத்தில் அவன் கால்கரிக்கு வேலை தேடிப் போனான். திரும்பி வரவில்லை.

அந்த வசந்தத்திலேயே ஒரெஸ்ட் ஒரு வேலை ஆரம்பித்தார். தான் அடுப்பு பூட்டிய வீடு ஒவ்வொன்றுக்கும், சனிக்கிழமைகளில், துளைக் கருவியும் அந்தக் காப்பி டப்பாவுமாகப் போனார். கீழ் டிராயரை இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, அடுப்பை நகர்த்தி, கிளாம்பைப் பூட்டி, மறுபடி தள்ளி, முன்பக்கம் இழுத்து அசைத்துச் சோதித்துவிட்டு வருவார். டப்பா காலியானதும் என்னிடம் சொல்லி இன்னும் வரவழைத்தார். வேறு கடைக்காரர் பூட்டிய அடுப்பானாலும் விடவில்லை. நாலு வருஷம். மேரி அவர் மனைவி. "உங்களுக்குக் கல்யாணம் ஆன ஞாபகம் இருக்கா, இல்ல அடுப்போடதான் குடித்தனமா?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனாள்.

ஊர் இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டது. இரண்டாயிரமாவது வருஷம் தேவாலயக் கூடத்தில் விருந்து வைத்து, அவருக்கு ஒரு மரப்பட்டயம் கொடுத்தார்கள். கோஸ் உருண்டையும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் மேசைமேல் ஆவி பறக்க இருந்தன. எழுந்து பேசியது யார் என்றால், லெசியா.

"எனக்கு நேந்தது இன்னொரு வீட்டுல நேரக்கூடாதுன்னு இந்த மனுஷன் அலைஞ்சாரு" என்றாள். "தரைல துளை போடாதீங்கன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க, ஒரெஸ்ட். நான் சொன்னப்பவும் நீங்க கேட்டிருக்கக் கூடாது."

எல்லோரும் கைதட்டினார்கள். எட்டு வயது டாரியா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரெஸ்ட் பட்டயத்தை இரண்டு கையாலும் வாங்கினார். நன்றி என்று கூடச் சொல்லவில்லை. கூச்ச சுபாவம் என்றார்கள்.

உண்மையை அவர் என்னிடம் சொன்னது, ஓய்வு பெற்று, மேரியும் போய்ச் சேர்ந்த பிறகு. என் வீட்டு ஓவன் கதவின் ரப்பரை மாற்ற வந்தவர், வேலையைப் பாதியில் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவ என்கிட்ட துளை போடாதன்னு சொல்லவே இல்ல, ஹலியா. நான் கேக்கவே இல்ல அவள."

"எனக்கும் அது தோணிருக்கு" என்றேன். "டப்பாவ நான் பாத்தேனே."

"அந்தக் கூடத்துல அவ பேசினப்ப எந்திரிச்சுச் சொல்லிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். கிளாம்ப் பூட்ட எனக்குச் சோம்பல்னு. நாக்கு வரல. நாலு வருஷம் தரையத் துளைச்சேன்ல, அதுவே போதும்னு நினைச்சுக்கிட்டேன்."

"இன்னும் நேரம் போகல."

"போயிடுச்சு" என்றார். ஆனாலும் பிறகு லெசியாவிடம் போனார்.

இரண்டாயிரத்து ஒன்பது அக்டோபரில் லெசியா தானாகவே கூப்பிட்டாள். ஓவன் அடிப்பக்கம் சூடாகவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று. புதிய சுருளை என்னிடம்தான் வாங்கிக்கொண்டு போனார். அங்கே நடந்ததைத் திரும்பி வந்து சொன்னார், அன்றைக்கே, ஒன்றும் விடாமல்.

மின்பெட்டியில் பிரேக்கரை அணைத்தார். ஓவனுக்குள் தலையை விட்டு, இரண்டு திருகு கழற்றி, வெடித்துப்போன சுருளை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார். மறுபடி மின்சாரம் கொடுத்து, சுருள் சிவக்கிறதா என்று பார்த்தார். லெசியா மேசையில் காப்பி வைத்தாள்.

"உக்காருங்க. பாடம் நடத்தலையா இன்னிக்கு?"

அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். கீறலைப் பற்றி மட்டும்தான் அவள் சொன்னாள் என்பதை. கிளாம்ப் வேனில் டப்பாவுக்குள் இருந்தது என்பதை. அவளுடைய வீடு மட்டுமில்லை, எந்த வீட்டிலுமே அதுவரை அவர் பூட்டியதில்லை என்பதை. காப்பீட்டுக்காரர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டதை.

லெசியா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப நான் துளை போடாதன்னு சொல்லல?"

"சொல்லல."

"எனக்கு நான் சொன்ன மாதிரியே ஞாபகம் இருக்கு. என் குரல் கூடக் காதுல கேக்குது."

"நீ சொல்லல லெசியா."

அவள் எழுந்து தொலைபேசியை எடுத்து, ஒரு எண்ணை அழுத்தி, அவரிடம் நீட்டினாள். "ரோமன். என்கிட்ட சொன்னத அவர்கிட்டயும் சொல்லுங்க. எல்லாத்தையும்."

சொன்னார். கடைசியில் ரோமன், "எட்டு வருஷமா எனக்கு இங்க வேற குடும்பம் இருக்கு. இப்ப இத வச்சு நான் என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

"என்ன சொன்னாரு?" என்றாள் லெசியா. ஒரெஸ்ட் அப்படியே ஒப்பித்தார். அவள் தலையாட்டினாள்.

"நீங்க கிளம்புங்க. இனி எதுவானாலும் நான் வேற ஆளக் கூப்பிட்டுக்கிறேன்."

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். யாரிடமும் எதையும் சொல்லிக்கொண்டு திரியவும் இல்லை. ஒரெஸ்டே பட்டயத்தைக் கொண்டுபோய் ஃபாதரிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். கொஞ்ச நாளில் ஊருக்கே தெரிந்தது. சிலர் அவர் பக்கம் பேசினார்கள். பலர் அவரைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர் யாரிடமும் வாதாடவில்லை.

அடுத்த கோடையில், சாஸ்கடூனுக்குப் படிக்கப் போகுமுன், டாரியா அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அன்று நான் அங்கே அவருக்கு ரொட்டி கொடுக்கப் போயிருந்தேன். பதினெட்டு வயதுப் பெண், அரைக்கைச் சட்டை. சட்டைக்குக் கீழே தெரிந்த இடது கைத் தோல் மெழுகு உருகி உறைந்ததுபோல் இருந்தது. அவள் அதை மறைக்கவில்லை. ஒரெஸ்ட் பார்வையைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

"உங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல" என்றாள்.

"வேணாம்மா."

"அம்மாவும் மன்னிக்கல. ஆனா ஒண்ணு உங்களுக்குத் தெரியணும். அவங்க இப்பல்லாம் நல்லாத் தூங்குறாங்க. எனக்கு நினைவு தெரிஞ்சு அவங்க விடியுறவரைக்கும் தூங்கிப் பாத்ததே இல்ல. ரெண்டு மூணு தடவ எந்திரிச்சு வந்து என் கையத் தொட்டுப் பாத்துட்டுப் போவாங்க. போன அக்டோபர்லேர்ந்து அது நின்னுடுச்சு."

டாரியா நான் நீட்டிய காப்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் போன பிறகு அவர் விரல் விட்டு எண்ணினார். தொண்ணூற்றாறு பிப்ரவரியிலிருந்து இரண்டாயிரத்து ஒன்பது அக்டோபர் வரை. பதின்மூன்று வருஷமும் எட்டு மாசமும் ஆயிற்று. "அவ்வளவு ராத்திரி, ஹலியா" என்றார். "தரைய மட்டும் துளைச்சிட்டிருந்தேன் நான்."

அதன் பிறகு மூன்று வருஷம் இருந்தார். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் அவரை அடக்கம் செய்தபோது கூட்டம் அதிகம் இல்லை. லெசியா வரவில்லை. அவள் ஏன் வரவேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது.